மயில் கழுத்து நிறத்தில் ஒரு வெள்ளி ரூபாய்

பாட்டியிடம் இரண்டு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. இரண்டும் 1919ஆம் ஆண்டு அச்சடித்தவை, இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூடிய தலை. ஒன்று பூஜையறையில் லட்சுமி படத்துக்கு முன்னால் சிறிய தாம்பாளத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் திருநீறு போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து, குங்குமம் வைப்பார். மற்றொன்று பழைய சுருக்குப்பைக்குள், டிரங்குப் பெட்டியின் அடியில், கூரைப்புடவைக்குக் கீழே கிடந்தது. அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூஜையறை ரூபாய் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஆனால் மன்னரின் மீசையும் காதும் கரைந்துபோய், அங்கியின் வேலைப்பாடு வழுவழுவென்று ஆகியிருந்தது. பெட்டி ரூபாயின் விளிம்பு ஆழ்ந்த நீலம். அதற்கு உள்ளே கருஞ்சிவப்பு கலந்த ஊதா, அதற்கும் உள்ளே பொன்மஞ்சள், நடுவில் மன்னரின் கன்னத்தில் மட்டும் அச்சடித்த நாளின் வெள்ளை. காசைச் சற்றே சாய்த்தால் மயில் கழுத்தில் ஓடுவது போல அந்த நிறங்கள் ஓடின.

"கறுத்துப்போச்சுடா. இதையும் திருநீறு போட்டுத் தேய்ச்சுடு, பளிச்சுனு ஆயிடும்" என்றார் அத்தை. தேய்க்கவில்லை. ஏன் தேய்க்கவில்லை என்று அன்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

வெள்ளி கறுப்பதை நாம் அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். அழுக்கு வெளியிலிருந்து வந்து உட்காருவது. வெள்ளியின் மேல் வரும் கறுப்போ வெள்ளியிலிருந்தே உருவாவது. காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு எப்போதும் மிகச் சிறிதளவு உண்டு. அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையதுதான். சாக்கடை, சதுப்பு நிலம், எரியும் நிலக்கரி, அடுப்படி என்று எங்கிருந்தும் அது வரும். நூறு கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே வெள்ளிக்குப் போதும். ஈரமும் ஆக்சிஜனும் துணைநிற்க, வெள்ளி அதிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. நாணயத்தின் மேல்தோல்தான் இப்படி மாறியிருக்கிறது. அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்தால் கூடவே நாணயத்தின் ஒரு பகுதியும் போய்விடும். பராமரிப்பைப் பற்றிய எல்லா விதிகளும் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறப்பவை.

வெள்ளி சல்பைடின் சொந்த நிறம் கறுப்பு. அப்படியானால் நீலமும் ஊதாவும் பொன்னும் எங்கிருந்து வந்தன? மழை பெய்த தார்ச்சாலையில் சிந்திய எண்ணெயிலும், குழந்தைகள் ஊதும் சோப்புக் குமிழியிலும் வரும் நிறங்கள் எங்கிருந்து வருகின்றனவோ, அங்கிருந்துதான். அங்கே சாயம் எதுவும் இல்லை. மயிலின் கழுத்திலும் நீலச்சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியோடு விளையாடுவதால் வரும் நீலம் அது.

நாணயத்தின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி சல்பைடு படலத்தின் மேல் முகத்திலேயே திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே புகுந்து, அடியிலிருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. வெளியே வந்து இரண்டும் சேரும்போது, உள்ளே போய் வந்த ஒளி சற்றுப் பின்தங்கியிருக்கும். ஒரு அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒன்றாக வந்தால் அந்த நிறம் அணைந்துபோகும். மேடும் மேடும் சேர்ந்தால் கூடுதலாகச் சுடர்விடும். எந்த நிறம் அணையும் என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது. ராபர்ட் ஹூக் 1665இல் மெல்லிய மைக்கா தகடுகளில் இந்த நிறங்களைக் கண்டு வியந்து எழுதினார். ஒளியை அலையாகக் கொண்டு காரணத்தை விளக்கியவர் தாமஸ் யங், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். படலம் வளர வளர நிறங்கள் ஒரு ஒழுங்கில்தான் வர முடியும். மிக மெல்லிய படலம், அலைநீளம் மிகக் குறைந்த ஊதாவையும் நீலத்தையும் முதலில் அணைக்கிறது. வெள்ளையிலிருந்து நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள். ஆகவே வெள்ளி முதலில் மஞ்சளிக்கும், பிறகு பொன்னிறமாகும். படலம் இன்னும் தடித்தால் அணைவது பச்சை. பச்சை போனால் மிஞ்சுவது செவ்வூதா. அடுத்துச் சிவப்புப் பக்கம் அணையும்போது நாணயம் நீலமாகிறது. பிறகு நீலம் வெளிறி, ஏறத்தாழ நிறமற்ற ஒரு கட்டம். அதன்பின் மஞ்சளில் தொடங்கி இரண்டாவது சுற்று. இந்தச் சுற்றில்தான் முதல்முறையாகப் பச்சை தலைகாட்டும். பச்சை தெரிய வேண்டுமானால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் ஒரே நேரத்தில் அணைய வேண்டும். மெல்லிய படலத்தால் அது ஆகாது. எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு, உள்ளே போன ஒளி திரும்பி வர முடியாத அளவுக்குப் படலம் தடித்துவிடும். அப்போது மிஞ்சுவது வெறும் கறுப்பு.

இத்தனை நாடகமும் எவ்வளவு சிறிய இடத்தில் நடக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் மஞ்சள் தெரியும்போது படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் 50,000 நானோமீட்டருக்கு மேல்.

பெட்டி ரூபாயை இப்போது மறுபடி பாருங்கள். விளிம்பில் நீலம், அடுத்து செவ்வூதா, அடுத்து பொன், நடுவில் வெள்ளை. கந்தகம் விளிம்பு வழியாக உள்ளே பரவியிருக்கிறது. விளிம்பில் படலம் தடிமன், நடுவை நோக்கிப் போகப் போக மெலிவு. மரத்தின் வளையங்களைப் பார்த்து வயதைப் படிப்பது போல, இந்த வளையங்களைப் பார்த்துக் கந்தகம் வந்த வழியைப் படிக்கலாம்.

இதே நிறங்களுக்காக உலகெங்கும் பேசப்படும் நாணயம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் என்ற அச்சுச் சிற்பி வடிவமைத்து, 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921இலும் அச்சடித்தது. 26.73 கிராம் எடை, 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. புழக்கத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அடித்துவிட்டார்கள். மிஞ்சியவை ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டு, கருவூலப் பாதாள அறைகளில் அடுக்கப்பட்டன. ஒரு பையின் எடை 26 கிலோவுக்கு மேல்.

அந்த டாலர்களுக்கும் பாட்டியின் ரூபாய்க்கும் ஓர் உறவு உண்டு. முதல் உலகப்போரின்போது இந்தியாவில் மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயாகக் கேட்டார்கள். பிரிட்டிஷ் அரசின் கையில் அதற்கான வெள்ளி இல்லை. 1918 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது. 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கென்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளில் ரூபாயாக மறுபிறவி எடுத்தது. ஒரு டாலரில் 24 கிராமுக்குச் சற்று மேல் வெள்ளி. ஒரு தோலா எடையுள்ள, அதாவது 11.66 கிராம் கொண்ட நம் ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, ஏறத்தாழ 10.7 கிராம். ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய். 1919ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை ஏந்தும்போது, ஒரு காலத்தில் டாலராக இருந்த வெள்ளியும் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் எனக்குக் கை கொஞ்சம் கனக்கிறது.

உருக்குலையிலிருந்து தப்பிய டாலர்கள் பைகளிலேயே பல பத்தாண்டுகள் உறங்கின. 1960களின் தொடக்கத்தில் அந்தப் பைகள் மக்களிடம் வந்து சேர்ந்தபோதுதான் அதிசயம் வெளிப்பட்டது. பையின் நடுவிலிருந்த காசுகள் ஒன்றையொன்று மூடிக்காத்து வெள்ளையாகவே இருந்தன. துணியை ஒட்டிக் கிடந்தவற்றை, துணியிலிருந்த கந்தகம் மெல்ல மெல்ல வானவில்லாக மாற்றியிருந்தது. ஒரு காசின் மேல் இன்னொன்று பாதி மூடிக் கிடந்திருந்தால், மூடிய பகுதி வெள்ளையாகவும் மூடாத பகுதி பிறை வடிவில் நிறமாகவும் ஆகியிருந்தது. சிலவற்றில் கித்தானின் ஊடும் பாவும் அப்படியே பதிந்திருந்தன.

நாணயத்துக்குத் தரம் எண்ணால் குறிக்கும் வழக்கம் 1949இல் வந்தது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். அடையாளம் மட்டும் தெரியும் காசு ஒரு டாலர் என்றால், குறையே இல்லாதது எழுபது டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1986இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் தோன்றி, காசைத் தரம் பார்த்து ஒளிபுகும் கெட்டிப் பெட்டிக்குள் அடைத்துத் தரத் தொடங்கின. புழங்காத காசு என்றால் 60 முதல் 70 வரை. நம் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களும் இன்று இதே அளவுகோலில்தான் தரம் பெறுகின்றன.

தரம் பார்ப்பவர் முதலில் தேடுவது தேய்மானம். கன்னம், காது, கிரீடத்தின் மேடுகள் போன்ற உயர்ந்த இடங்கள்தான் முதலில் தேயும். அடுத்து, அச்சு முழுமையாக விழுந்திருக்கிறதா, சிராய்ப்புகள் எத்தனை என்று பார்ப்பார். அதன்பின் வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, பிறவிப் பளபளப்பு. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச்செல்கிறது. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளிப்பட்டைகள் சுற்றி வரும். கையில் புழங்கினாலும் போகும், தேய்த்தாலும் போகும், ரசாயனத்தில் முக்கினாலும் மழுங்கும். போனால் திரும்ப வரவே வராது.

நிறமேறிய காசில் அந்தச் சக்கரம் நிறத்துக்கு அடியிலும் சுற்ற வேண்டும். படலம் மெல்லியதாக இருந்தால், வரிகள் அதன் வழியே தெரியும். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சாய்க்கும்போது ஒளி அசையாமல் செத்துக் கிடந்தால், யாரோ அதைத் தேய்த்துக் கழுவி, பிறகு நிறமேற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தேய்மானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், சுத்தம் செய்யப்பட்ட காசுக்கும், நிறத்தில் சந்தேகமுள்ள காசுக்கும் இந்த நிறுவனங்கள் வழக்கமான எண் தரம் தருவதில்லை. கறுப்பு, சிராய்ப்புகளை மறைக்கவும் செய்யும். அதனால்தான் தேர்ந்த தரம் பார்ப்பவர் காசை நேராகப் பார்ப்பதைவிடச் சாய்த்துப் பார்ப்பதே அதிகம்.

அழகான நிறத்துக்குச் சாதாரணக் காசைவிடப் பல மடங்கு விலை கிடைப்பதால், நிறத்தைப் போலியாக ஏற்றுவோரும் உண்டு. வெப்பம், கந்தக உப்புகள், அமோனியம் சல்பைடு, அவித்த முட்டை என்று வழிகள் பல. ஆனால் அவசரம் ஒளியின் ஒழுங்கை அறியாது. இயற்கையில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில் செவ்வூதா வந்தே தீரும். மஞ்சளிலிருந்து நேரடியாக நீலத்துக்குத் தாவினாலோ, முதல் சுற்றின் மெல்லிய நிறங்களுக்கு நடுவே பச்சை திடீரென்று எட்டிப் பார்த்தாலோ நின்று யோசிக்க வேண்டும். கித்தான் பையில் கிடந்த டாலரில் இன்னொரு சாட்சியும் உண்டு. மேடான எழுத்துகளின் மேல் துணி பந்தல் போல நிற்பதால், எழுத்தின் அடி ஓரத்தை அது தொடாது. அந்த ஓரங்கள் மெல்லிய வெள்ளை வரம்பாக நிற்கும். புட்டியிலிருந்து ஊற்றிய ரசாயனம் மூலை முடுக்கெல்லாம் ஓடிவிடும்.

கீறல்கள் இன்னும் தெளிவாகப் பேசும். நீலப் பரப்பின் நடுவே ஒரு கீறல், அதன் அடியிலும் அதே நீலம் என்றால், கீறல் மூத்தது, நிறம் இளையது. கீறல் வெள்ளையாகப் பளிச்சிட்டால் நிறம் மூத்தது. தேதி எழுதாத ஒரு பொருளில் எது முன், எது பின் என்று சொல்லும் இந்தச் சான்று எந்தத் தரச் சீட்டையும்விட எனக்கு நம்பிக்கை தருவது.

சுத்தம் செய்வது பற்றி. திருநீறு மென்மையான பொடிதான், ஆனாலும் உரசும் பொடி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது சல்பைடையும் அதனடியில் கொஞ்சம் வெள்ளியையும் வழித்துக்கொண்டு போனது. பூஜைக்கு வைத்த காசுக்கு அது முறையான உபசாரம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. பாதுகாக்க நினைக்கும் காசுக்கு அது ஆகாது. நகைக்கடைகளில் முக்கியெடுக்கும் திரவங்களில் பல, அமிலம் சேர்த்த தையோயூரியா. நொடியில் கறுப்பை நீக்கும். சல்பைடாக மாறிய வெள்ளி முழுவதும் அதில் கரைந்து போய்விடும், அச்சு விட்டுச்சென்ற வரிகள் ஒவ்வொரு முக்கலிலும் மழுங்கும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீர் வேறு விதம். அங்கே அலுமினியம் கந்தகத்தைப் பறித்துக்கொள்ள, வெள்ளி திரும்பவும் உலோகமாகிறது. வெள்ளி வீணாவதில்லை என்று இதைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் திரும்பி வருவது பொருபொருவென்ற துகள் படிவு. அச்சடித்த பழைய பரப்பு அதுவல்ல. கொலுசுக்கும் குத்துவிளக்குக்கும் போதுமானது, நாணயத்துக்குப் போதாது.

காசைத் தொட்டே ஆக வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மலிவான பி.வி.சி. உறைகளில் பல ஆண்டுகள் வைத்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். பிளாஸ்டிக் வளைவதற்காகச் சேர்த்த எண்ணெயும், பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலமும், காசிலுள்ள செம்பும் சேர்ந்து செய்யும் கேடு அது. விட்டுவைத்தால் அரிக்கும். தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை அதில் போட்டு, தேய்க்காமல் ஊறவைத்து, புது அசிட்டோனில் அலசி எடுத்தால் பிசுக்கு போகும். சல்பைடின் நிறத்தை அசிட்டோன் தொடாது. நகச்சாய நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் சாயமும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்போ ஊதுவத்தியோ பக்கத்தில் எரியக்கூடாது, அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

மற்றபடி, வேலை முழுவதும் கந்தகத்தையும் ஈரத்தையும் விலக்கி வைப்பதுதான். ரப்பர் பேண்டு வெள்ளிக்குப் பெரிய எதிரி, ரப்பரைக் கெட்டிப்படுத்துவதே கந்தகத்தால்தான். கம்பளி, செய்தித்தாள், சாதாரணக் காகித உறை, பழுப்பு அட்டை எல்லாம் ஆகாதவை. பாலியஸ்டர், பாலிபுரோப்பிலின் உறைகள் நல்லவை. கருவாலி மரப்பெட்டி அமில ஆவியை விடும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. சென்னை போன்ற கடலோர ஊரில் அது தானாக அமையாது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போது சூடேற்றி உலர்த்திக்கொள்ள வேண்டும். நகைப்பெட்டியில் சாக்பீஸ் வைக்கும் நம் வீட்டு வழக்கம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான், ஆனால் சிலிக்கா ஜெல் அளவுக்கு அது ஈரத்தை இழுக்காது. காசை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும். விரல் ரேகையின் உப்பு அன்று தெரியாது, சில மாதங்கள் கழித்துக் கரும்புள்ளியாகத் தெரியும். காசுக்கு நேர்மேலே முகத்தை வைத்துப் பேசவும் கூடாது, எச்சில் துளியும் கறையாகும்.

பெட்டியோ துணியோ நல்லதா என்று எப்படி அறிவது? பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு சோதனை வகுத்தார். காட்சிப்பெட்டிக்குப் பயன்படுத்த நினைக்கும் பொருளில் ஒரு துண்டையும், மெருகிட்ட வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளையும் சிறிது தண்ணீரோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பது அது. வெள்ளி நிறம் மாறினால் அந்தப் பொருளில் கந்தகம் இருக்கிறது. இதன் எளிய வடிவத்தை நான் வீட்டில் செய்கிறேன். உடைந்த கொலுசின் ஒரு முத்தைத் துலக்கி, புதிதாக வாங்கிய உறையின் துண்டோடும் ஈரப் பஞ்சோடும் ஜாடியில் மூடி, மாடி வெயிலில் ஒரு மாதம் வைப்பேன். முத்து மஞ்சளித்தால் அந்த உறையை வாங்குவதில்லை.

பெட்டி ரூபாய் இப்போது பாலியஸ்டர் உறையில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் இரண்டு கீறல்கள். ஒன்று விளிம்புக்கு அருகே, அடிவரைக்கும் நீலம். அநேகமாகச் சுருக்குப்பையில் கூடவே கிடந்த சாவியால் வந்தது, நிறத்துக்கும் மூத்தது. மற்றது நடுவில், ஓர் அங்குலத்தில் கால் பங்கு. அது நான் போட்டது. பத்து வயதில், அசல் வெள்ளியா என்று பார்க்க, பாட்டி தூங்கும்போது பையை அவிழ்த்து எடுத்து ஊசியால் கீறினேன். பெட்டியைத் திறந்த அன்று அது வெள்ளையாக மின்னியதாகவே எனக்கு நினைவு. சென்ற மாதம் விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். கீறலுக்குள் மிக மெல்லிய மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கிறது.